செல் அழுத்தப் புரதங்களும் நீரிழிவும்

வெப்பம், நச்சு, மிகைச் சர்க்கரை போன்றவற்றால் செல்லுக்கு நெருக்கடி நேரும்போது பெருகும் காப்புப் புரதங்களே செல் அழுத்தப் புரதங்கள். இவற்றின் முதல் தடயத்தை ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா 1962இல் சூடேற்றப்பட்ட பழ ஈயின் குரோமோசோம்களில் கண்டார்.

கணையத்தின் பீட்டா செல்லுக்கு இவை உயிர்நாடி. இன்சுலினின் முன்வடிவம் அச்செல்லின் எண்டோபிளாச வலையில்தான் மடிக்கப்படுகிறது. ஜிஆர்பி78 என்னும் செல் அழுத்தப் புரதம் அதற்குத் துணைநிற்கிறது. உடல் இன்சுலினுக்கு மந்தமாகும்போது உற்பத்தி கூடி, சரியாக மடியாத புரதம் தேங்குகிறது. அப்போது பெர்க் என்னும் உணரி புதுப் புரத உற்பத்தியைத் தணிக்கிறது. நெருக்கடி நீடித்தாலோ சாப் என்னும் புரதம் செல்லை அழிவுக்குத் தள்ளும். பெர்க் மரபணு பழுதான வால்காட்–ராலிசன் நோயில் கைக்குழந்தைக்கே நீரிழிவு வருகிறது. இதைவிட வலுவான, துயரமான சான்று வேண்டியதில்லை.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர், மிகைச் சர்க்கரையும் கொழுப்பமிலமும் மோனோசைட் செல்களில் தூண்டும் எண்டோபிளாச வலை நெருக்கடியை ஃபினைல்பியூட்டிரிக் அமிலம் தணிப்பதை 2012இல் காட்டினர். அது ஆய்வகச் செல்களில் கண்ட பலன். நடைமுறையிலோ, புளியங்குடி போன்ற ஊர்களில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடுதேடித் தரும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைக் குறைத்து, பீட்டா செல்லின் சுமையை மறைமுகமாகவே இறக்குகின்றன.