கடைசி அடுக்கு

ரூபிக் கனசதுரத்தில் இரண்டு அடுக்கைச் சேர்த்துவிட்டு மூன்றாவதில் கைவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அதைச் செய்தவர் பட்ட பாடும் சாதாரணமல்ல.

1974-இல் புடாபெஸ்டில் வடிவமைப்பு ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக், மரத்தில் செய்த கட்டையைத் திருகிக் கலைத்தார். பழையபடி சேருமா என்று அவருக்கே தெரியாது! எட்டு மூலைகளில் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் போராடித்தான் மீட்டார்.

அடுக்கு அடுக்காகச் சேர்ப்பவருக்குச் சிக்கல் கடைசியில்தான். எதைத் திருப்பினாலும் முடித்த வேலை கலையும். வழி இதுதான்: ஒரு அசைவு, அடுத்து இன்னொன்று, பிறகு முதலாவதை மீட்டு, அப்புறம் இரண்டாவதை மீட்க வேண்டும். பெரும்பாலான துண்டுகள் வீடு திரும்பிவிடும். சில மட்டும் இடம் மாறியிருக்கும். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன்: கூட்டியதைக் கழித்தால் மிச்சமில்லை, இங்கே வரிசை மாறுவதால் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம்தான் சாவி.

கடைசி அடுக்கு மட்டும் 62,208 விதமாக நிற்கலாம். 1981-இல் பாட்ரிக் போசெர்ட் என்ற ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவனின் தீர்வுப் புத்தகம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மறு ஆண்டு புடாபெஸ்ட் உலகப் போட்டியில் மின் தாய் 22.95 நொடியில் முடித்தார். பிறகு செக் நாட்டில் பிறந்த ஜெசிகா ஃப்ரிட்ரிக் பரப்பிய முறையில், மேல்பக்கத்தை ஒரே நிறமாக்க 57 வாய்பாடு, இடம் மாற்ற 21. இத்தனையும் மனப்பாடம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. நிதானமாகச் சேர்க்க ஐந்தாறு போதும்.

ஒன்று மட்டும். துண்டுகளைக் கழற்றி மனம்போலப் பொருத்திய கட்டை, பன்னிரண்டில் ஒரு முறைதான் சேரும். பேரப்பிள்ளையிடம் வாங்கும்போது, "கழற்றினாயா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.