ஆறு மாசமா அதே 10 கிலோ டம்பெல்லா? ஜிம் ரொட்டீனை இப்படி மாத்திப் பாருங்க!

ஜிம்மில் சேர்ந்த முதல் மூன்று மாதம் சூப்பராகப் போகும். வாராவாரம் வெயிட் ஏறும், சட்டைக் கை டைட்டாகும். அப்புறம் திடீர்னு எல்லாம் நின்றுவிடும். 'பவுடரை மாத்தணுமோ, ஊசி போட்டாதான் ஏறுமோ' என மனசு அலைபாய்வது இந்தக் கட்டத்தில்தான். அவசரப்படாதீங்க! பெரும்பாலும் மாற்ற வேண்டியது ரொட்டீனைத்தான்.

ஏன் நிற்கிறது?

ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, நரம்புகள் தசையைச் சரியாக இயக்கப் பழகுவதால் வருவது. அதன்பிறகு தசையே வளர்ந்தாக வேண்டும். பழகிய பாரத்தையே தூக்கிக்கொண்டிருந்தால், வளர வேண்டிய அவசியம் உடம்புக்கு இல்லை. எனவே, பாரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இதுதான் 'புரொக்ரெஸிவ் ஓவர்லோடு'. இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்துத் தேற்றினார், அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். 1945-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

முதலில் ரெப், பிறகு வெயிட்

10 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்குப் போவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால், அது 25 சதவிகித ஏற்றம். நேரடியாகத் தாவினால் ஃபார்ம் கெடும். தோள்பட்டையும் முதுகும் அடி வாங்கும்.

அதனால் 10 கிலோவில் 3 செட், தலா 8 ரெப் என ஆரம்பியுங்கள். முடிகிறபோதெல்லாம் ஒன்றிரண்டு ரெப் கூட்டுங்கள். மூன்று செட்டிலும் 12 ரெப் சுத்தமாக வந்த பிறகே 12.5 கிலோ. அங்கே மறுபடியும் 8-லிருந்து தொடங்குங்கள்.

இதையும் கவனிங்க!

* ஒவ்வொரு நாளும் வெயிட், செட், ரெப்பை மொபைலில் குறித்து வையுங்கள். போன வாரக் கணக்கு தெரிந்தால்தான் இந்த வாரம் கூட்ட முடியும்.

* எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு மாற்றம், நான்கு வாரம். அப்போதுதான் எது வேலை செய்தது எனப் புரியும்.

* திங்கள்கிழமை மட்டும் செஸ்ட்டைப் போட்டுத் தாக்காமல், அதே செட்களை வாரத்தில் இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

* கனமான செட்களுக்கு நடுவே 2-3 நிமிடம் ஓய்வு தேவை. அந்த கேப்பில் ரீல்ஸ் பார்த்து 10 நிமிடமாக்கிடாதீங்க!

* 6-8 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் மட்டும் செட்களைப் பாதியாகக் குறையுங்கள். மூட்டுகளுக்கும் லீவு வேண்டும்.

சாப்பாடு, தூக்கம்

உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை என்றால் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே சுண்டல், பருப்பு, மீன், சிக்கன், பால் எனப் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கவும். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

ஊசி வேண்டவே வேண்டாம்

உடம்பை ஏற்றப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகள் இதயத்தைப் பாதிக்கும். ஆண்களுக்கு விந்தணு உற்பத்தியையும் குறைக்கும். யார் சிபாரிசு செய்தாலும் 'நோ' சொல்லுங்கள்.

போன வாரத்தைவிட ஒரே ஒரு ரெப் கூடினாலும் அது வளர்ச்சிதான் பாஸ்!