முதுகும் வயிறும்

அதியமான்கோட்டைப் பக்கம் ஏரியில் எருமை குளிப்பாட்டுகிறவருக்கு அட்டை என்றால் ஒரே அட்டைதான், பிய்த்து எறிந்துவிடுவார். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், அட்டையைக் கடிக்கவிட்டு இரத்தம் எடுக்கும் அட்டை விடலும் ஒன்று. அதைச் செய்யும் வைத்தியர் அப்படி இருக்க முடியாது. எந்த அட்டை என்பதே அவருடைய முதல் கேள்வி.

பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சங்கிதை 12 அட்டைகளைச் சொல்கிறது. ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சில்லாதவை. மீனும் தவளையும் அழுகிய நீரில் பிறந்தது ஆகாது. தாமரை பூத்த தெளிந்த நீரில் பிறந்தது ஆகும். நல்ல அட்டை கிடைக்கும் இடங்களில் பாண்டிய நாட்டையும் அந்நூல் சேர்த்திருக்கிறது. நஞ்சில்லாத ஆறில் 'கபிலா' என்பதற்கு விலாவில் மனோசிலையின் செம்மஞ்சள் நிறம், முதுகில் பாசிப்பயறு நிறம். நம் குளங்களில் மாட்டைக் கடிக்கும் ஹிருடினேரியா கிரானுலோசாவுக்கும் பச்சை முதுகு, ஆரஞ்சு ஓரம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் நிறம் மாறும் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஐரோப்பாவின் கதை வேறு. மருத்துவ அட்டைக்கு லின்னேயஸ் 1758இல் ஹிருடோ மெடிசினாலிஸ் என்று பெயரிட்டார். 1820இல் இயற்கையியலாளர் கரேனா, ஹிருடோ வெர்பானாவைத் தனி இனமாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 2004இல் அமெரிக்கா அட்டையை மருத்துவச் சாதனமாக விற்க அனுமதித்தது. 2007இல் மரபணுவைப் பார்த்தால், மெடிசினாலிஸ் என்று விற்கப்பட்டதெல்லாம் வெர்பானா! இத்தனைக்கும் புரட்டிப் பார்த்தாலே தெரியும்: வெர்பானாவின் வயிறு ஒரே பச்சை, ஓரங்களில் கறுப்புக் கோடு, மெடிசினாலிஸின் வயிற்றில் கறுப்புத் திட்டுகள். கண்ணையும் வாயையும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஐந்து ஜோடிக் கண், மூன்று தாடை எல்லாவற்றுக்கும் பொது.

வைத்தியர் கேட்பது 'இது தீங்கு செய்யுமா?' விலங்கியலார் கேட்பது 'இது யாருக்கு உறவு?' எச்சிலில் உள்ள ஹிருடின் போன்ற புரதங்களை ஆராய்கிறவருக்கு இரண்டாம் கேள்வி தவிர்க்க முடியாதது. நோயாளிக்கு முதல் கேள்விதான் முக்கியம். ஆனால் அதற்குத் தெளிந்த நீர் மட்டும் பதிலாகாது. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா அட்டையின் குடலிலேயே குடியிருக்கிறது. அதனால்தான் மருத்துவமனைகளில் அட்டை விடும்போது நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுக்கிறார்கள்.

குடித்த இரத்தத்தைக் கக்கவைத்து, பிறகு அதே அட்டையைத் திரும்ப விடலாம் என்கிறது சுஸ்ருத சங்கிதை. இன்றைய மருத்துவமனை ஒரு முறை பயன்படுத்தியதும் ஆல்கஹாலில் போட்டுக் கொன்றுவிடுகிறது. இரத்தத்தால் பரவும் நோய்களை அறிந்தபின் இந்த ஒரு விஷயத்தில் சுஸ்ருதரைப் பின்பற்றக் கூடாது.