தந்தி முகவரியும் எட்டெழுத்துப் பெயரும்

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலாலும் மஞ்சளாற்று அணையாலும் அறியப்படும் தேவதானப்பட்டி, தகவல் தொடர்பின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊரன்று. ஆயினும், திரையில் கட்டளைகளைத் தட்டி மின்னஞ்சல் எழுதும் முறை தமிழ்நாட்டில் எதுவரை எட்டியது, எங்கே நின்றுவிட்டது என்பதை அறிய, மாநகரங்களைவிட இத்தகைய சிற்றூரே நல்ல அளவுகோலாகும்.

இத்தகைய ஊர்களுக்கு நெடுங்காலம் விரைவுச் செய்தி என்பது தந்திதான். தந்தித்தாளில் பெறுநர் முகவரியை முதலில் எழுதி, அதன் கீழ் செய்தியைப் பெரிய எழுத்து ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடப்பட்டதால், சொற்களை வெட்டிச் சுருக்கும் திறமை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. முகவரியில் உள்ள சொற்களுக்கும் காசு உண்டு என்பதால், வணிக நிறுவனங்கள் தமக்கென ஒற்றைச் சொல்லைத் ‘தந்தி முகவரி’யாகப் பதிவு செய்து, கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்டுக்கொண்டன. கம்பிவழித் தொடர்பில் நேரமே விலை. அந்த விலையே எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. பின்னாளில் கணினியிலும் இதுவே நிகழ்ந்தது.

வெவ்வேறு கணினிகளுக்கு இடையே முதல் மின்னஞ்சலை 1971இல் அமெரிக்காவின் ரே டாம்லின்சன் அனுப்பினார். அதே ஆண்டில் பெல் ஆய்வகத்தில் வெளிவந்த யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே ‘மெயில்’ என்ற கட்டளை இடம்பெற்றது. 1978இல் பெர்க்கிலியில் கர்ட் ஷோன்ஸ் அதை விரிவாக்கி எழுதினார். இதில் கடிதம் எழுதும் முறை இன்றைய பயனருக்கு விந்தையாகத் தோன்றும். கட்டளையையும் பெறுநர் பெயரையும் தட்டினால் நிரல் பொருளைக் கேட்கும். அதன்பின் எந்த அறிவிப்புமின்றி வெற்று வரி காத்திருக்கும். எழுதி முடித்ததும், ஒரு வரியில் முற்றுப்புள்ளி மட்டும் இட்டு எண்டர் விசையை அழுத்தினால் கடிதம் புறப்பட்டுவிடும். முடித்த வரிக்குத் திரும்பிப் பிழை திருத்த இயலாது. திருத்தியே ஆக வேண்டுமெனில், வரியின் தொடக்கத்தில் அலைக்குறியையும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தையும் இட்டு, வேறொரு திருத்தி நிரலை வரவழைக்க வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. வந்த கடிதங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் வரியே அவற்றுக்கு இடையிலான எல்லை. எனவே ஒருவர் தம் கடிதத்தின் வரியொன்றை அச்சொல்லால் தொடங்கினால், நிரல் அதன்முன் ஒரு கோணக்குறியைத் தானே செருகிவிடும். அனுப்பியவர் இடாத குறியைப் பெறுநர் கண்டு குழம்பியது அக்காலத்தில் சாதாரணம்.

இந்தியாவில் இம்முறை கல்விக்கூடங்கள் வழியே நுழைந்தது. மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் ஆகியவற்றோடு சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள் இடம்பெற்றன. அதன் தொடக்கக் காலத்தில் பயன்பட்ட யுயுசிபி என்ற முறையில், கணினிகள் எப்போதும் இணைந்திருப்பதில்லை. ஒன்று மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்த்துவைத்த கடிதங்களை மொத்தமாகக் கைமாற்றிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். இடைநிலை அலுவலகங்கள் தந்தியை வாங்கி மறுபடி அனுப்பிய அதே ஏற்பாடு இது. முகவரியும் கடக்க வேண்டிய கணினிகளின் பெயர்களை வியப்புக்குறிகளால் கோத்த வழித்தடமாகவே எழுதப்பட்டது. பழைய யுனிக்ஸ் பயனர் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் தராததால், நீண்ட தமிழ்ப் பெயர்களெல்லாம் தந்தி முகவரியைப்போல் வெட்டுப்பட்டன.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பம்பாய், டெல்லி, கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. அதில் மலிவானது ‘ஷெல் கணக்கு’: சந்தாதாரர் மோடம் வழியே அழைத்து, நிறுவனத்தின் யுனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, எழுத்துகள் மட்டுமே தோன்றும் திரையில் வேலை பார்ப்பார். வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில், 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை நிரம்பச் சுமார் இரண்டு வினாடிகள் பிடிக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கப்பட்ட ‘பைன்’ இங்குப் பலரின் முதல் மின்னஞ்சல் நிரலாயிற்று. செய்யக்கூடியவற்றைத் திரையின் அடியில் இரண்டு வரிகளில் காட்டிக்கொண்டே இருப்பது அதன் கருணை; கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் கடிதம் போய்விடும். சென்னைச் சந்தாதாரர்களின் முகவரிகளில் இருந்த ‘கியாஸ்எம்டி01’ என்ற கணினிப் பெயரில், ‘எம்டி’ மதராஸைக் குறித்தது.

தேவதானப்பட்டியிலிருந்து அக்கணினியை எட்ட, சென்னைக்கு எஸ்டிடி எனப்படும் வெளியூர்த் தொலைபேசி அழைப்பு வேண்டும். மஞ்சள் பலகை மாட்டிய பூத்தில் சிவப்பு எண்கள் ஓட ஓடப் பேச்சைச் சுருக்கிய காலத்தில், மோடத்துக்காக அரைமணி நேரம் அத்தகைய இணைப்பைத் திறந்து வைத்திருப்பது வசதியுள்ளோர்க்கும் கட்டுப்படியாகாத செலவு. 1996 ஜூலையில் உலாவியிலேயே கடிதம் எழுதும் ஹாட்மெயில் தொடங்கப்பட்டது. 1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. இவ்விரண்டும் நெருங்கி வந்ததன் விளைவு, இத்தகைய சிற்றூர்கள் தந்தித்தாளிலிருந்து நேரே உலாவிக்குத் தாவ நேர்ந்ததே எனலாம். கட்டளை வரிப் பழக்கம், வெளியூர்களில் பொறியியல் படிக்கப் போனவர்களுக்கே பெரும்பாலும் வாய்த்திருக்கும்.

அவ்வாறு பழகியோரும் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதினர். ஆஸ்கி என்னும் குறிமுறையில் மொத்தம் 128 இடங்களே இருந்ததால், தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. ஆனால் தந்திக்குக் கிட்டாத ஒரு வசதி இங்குக் கிட்டியது. மோர்ஸ் குறிகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. தந்தியில் பல்லியும் பள்ளியும் ஒன்றே, மனமும் மணமும் ஒன்றே. விசைப்பலகையிலோ ‘எல்’லின் சிறிய வடிவத்தை லகரத்துக்கும் பெரிய வடிவத்தை ளகரத்துக்கும் ஒதுக்கினர்; ண, ற ஆகியவற்றுக்கும் இதே உத்தி கைகொடுத்தது. ஆங்கில வாசகருக்கு எழுத்துப் பிழையாகத் தெரிந்த அந்தக் கலப்பு எழுத்து, தமிழருக்கு ஐயம் திரிபற்ற எழுத்துமுறையாக இருந்தது. இதைத் தற்காலிக ஒட்டுவேலை என்று தள்ளுவது நியாயமன்று.

1992இல் நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் தரம், ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட எழுத்துகளை ஆஸ்கிக்குள் பொதிந்து அனுப்ப வழி தந்தது. அதே ஆண்டில் உருவான யுடிஎஃப்-8 குறிமுறையில் ‘வணக்கம்’ என்ற சொல் 21 பைட்டுகளாகும். பேஸ்64 முறையில் பொதிந்தால் ரோமன் எழுத்துகளும் எண்களும் கலந்த 28 குறிகளாக அது பயணம் செய்யும். எழுதுபவர் கையால் செய்த மாற்றத்தை இப்போது நிரல் செய்கிறது.

மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் உருவாக்கிய ‘மட்’ போன்ற நிரல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் தம் திருத்தங்களை வெற்று உரையாகக் கட்டளை வரியிலிருந்தே அஞ்சலில் அனுப்புகின்றனர். தமிழுக்கோ சிக்கல் பாதையிலிருந்து திரைக்கு நகர்ந்துள்ளது. கட்டளை வரி தோன்றும் முனையத் திரை ஒவ்வோர் எழுத்தையும் சம அகலக் கட்டத்தில் அடைப்பது. ‘கொ’ என்பதில் மெய்க்குப் பின்னர் பதிவாகும் ஒரே உயிர்க்குறி, கொம்பாக இடப்புறமும் காலாக வலப்புறமும் பிரிந்து தோன்ற வேண்டும். பல முனையங்கள் இதைச் சரியாகக் காட்டுவதில்லை. அனுப்பிய கடிதம் ஒரு பிழையுமின்றிச் சென்று சேர, எழுதுபவரின் கண்முன் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.