சோப்பும் சுடுநீரும்

வயிற்றைத் திறந்தால் ஆள் தப்பமாட்டார். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறுவை மருத்துவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். கத்தியை விட அவர்கள் அஞ்சியது, தையல் போட்ட மூன்றாம் நான்காம் நாளில் வரும் காய்ச்சலையும் சீழையும். காலில் சீழ் வைத்தால் காலை எடுத்தாவது பார்க்கலாம். வயிற்றுக்குள் வைத்தால்?

தப்பியவர்களும் இருந்தார்கள். 1809இல் கென்டக்கியில் எஃப்ரேம் மெக்டவல், மயக்க மருந்தே இல்லாமல், ஜேன் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை எடுத்தார். அந்த அம்மாள் 78 வயது வரை வாழ்ந்தார். ஆனால் அதிர்ஷ்டத்தை வைத்துத் தொழில் நடத்த முடியாதே!

1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், எலும்பு முறிந்து வெளியே தெரிந்த ஒரு சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. அடுத்து, சீழுக்குக் காரணமான கிருமி காற்றில் வருகிறது என்று கருதி, 1871 முதல் அறுவை நடக்கும்போதே கார்பாலிக்கைப் புகைபோலத் தெளிக்கத் தொடங்கினார். மருத்துவர்களின் கைத்தோல் மரத்து வெடித்தது. திறந்த வயிற்றுக்குள்ளோ, கிருமியைக் கொல்ல வந்த மருந்து குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையே புண்ணாக்கியது.

பர்மிங்காமில் லாசன் டெய்ட் இதை ஏற்கவில்லை. லிஸ்டரின் முறையைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டவர் அவர். சோப்பு, சுடுநீர், சுத்தமான கை, சுத்தமான கருவி. வயிற்றுக்குள்ளே கழுவ வேண்டுமானால் வெறும் வெந்நீர். அவ்வளவுதான் அவருடைய மருந்துப் பெட்டி. 1884, 1885 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தொடர்ச்சியாக 139 சூலகக் கட்டி அறுவைகளைச் செய்தார், ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்குப் பதில் சொல்வது எதிராளிகளுக்கு எளிதாக இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், கிருமிக் கொள்கையையே கேலி செய்தவர் டெய்ட். காரணத்தை நம்பாமலே காரியத்தைச் சரியாகச் செய்தார். காரணம் தெரிந்த லிஸ்டரோ காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து பெரும்பாலும் கையிலும் கருவியிலும் இருந்தது.

லிஸ்டரின் கொள்கை, டெய்ட்டின் சுத்தம், இரண்டையும் ஜெர்மானியர்கள் சேர்த்தார்கள். கிருமி உண்டு, ஆனால் அதைக் காயத்தில் போய்க் கொல்லாமல், அறைக்குள் வருமுன்பே கொல்லலாம் என்றார்கள். 1880களில் பெர்லினில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான், துணிகளையும் கட்டுகளையும் நீராவியில் வேகவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

1890இல் அதே பெர்லினில் கூடிய மருத்துவ மாநாட்டில் லிஸ்டர் எழுந்து, காற்றில் மருந்து தெளிக்கச் சொன்னதற்காக வெட்கப்படுவதாக ஒப்புக்கொண்டார்.