பஞ்சிழையின் இயல்பும் நெசவின் வரலாறும்

தறியில் நூல் அறுந்தவிடத்து நெய்வோன் கையைப் பழிப்பது நம் இல்லங்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். அப்பழி பொருந்துமோ என்பதனைப் பஞ்சிழையின் இயல்பையும், அதனைச் சார்ந்த வரலாற்றையும் துணைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பருத்திக்காய் வெடிக்குமுன் அதனுள்ளிருக்கும் இழை ஈரம் நிறைந்ததொரு நுண்குழலாம். காய் வெடித்து வெயிலும் காற்றும் படவே, அக்குழல் உலர்ந்து தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்ளும். அம்முறுக்குக்களே ஓரிழையை மற்றோரிழையோடு பற்றுவித்து நூலாக நிற்கச்செய்வன. இழை நீளுந்தோறும் அப்பற்றும் மிகும். அன்றியும், பட்டும் கம்பளியும் நனைந்தால் வலிமை குன்றும். பருத்தியோ நனைந்தால் வலிமை மிகும். துவைகல்லில் அறையுண்டும் நம் வேட்டி பலநாள் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இனி வரலாற்றை நோக்குவோம். வங்கநாட்டில் மேகனா நதிக்கரையில் விளைந்த புட்டி கார்ப்பாசு என்னும் பருத்தி குறுகிய இழையுடையது. உலகம் வியந்த டாக்கா மஸ்லின் அதனாலேயே நெய்யப்பட்டது. ஈரக்காற்று நிலவும் காலை மாலைப் பொழுதுகளில் மகளிர் அதனை நூற்றனர். காற்றின் ஈரம் இழை அறாமற் காத்தது. இழையின் குறையை அவர்தம் விரல்கள் உணர்ந்து நிறைவுசெய்தன.

இயந்திரத்திற்கோ அவ்வுணர்வு இல்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தமையால், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகட்கு அமெரிக்கப் பஞ்சு வருதல் அருகிற்று. அதற்கு ஈடாக நம் நாட்டுச் சூரத்துப் பஞ்சு சென்றது. நீண்ட இழைக்கென அமைந்த பொறிகளில் அக்குற்றிழை அடிக்கடி அறுந்தது. வேலையின் அளவுக்கே கூலி பெற்றுவந்த தொழிலாளர் வருவாய் குன்றி வருந்தினர். தொழிலில் தேர்ந்த அம்மக்களின் கையில் யாது குற்றம்?

ஆலைகளின் தேவைக்கேற்ப நம் நாட்டிலும் நீளிழைப் பருத்தி நாடப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி தமிழகத்தில் பரவிற்று. 1974-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், சுஜாதா என்னும் வகையையும் செயின்ட் வின்சென்ட் என்னும் வகையையும் இணைத்துச் சுவின் என்னும் பருத்தி உருவாக்கப்பெற்றது. அதன் இழை ஏறக்குறைய 1½ அங்குல நீளமுடையது.

ஆயினும், குற்றிழை இழிந்தது என்று கொள்ளற்க. டாக்காவில் புகழ் பெற்றதும் குற்றிழையே; லங்காஷயரில் பழி பெற்றதும் குற்றிழையே. இழைக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தமே ஈண்டுக் கருதத்தக்கது.

ஆதலின், அன்பர்களே, நூல் அறுங்கால் முதற்கண் இழையின் நீளத்தைப் பாருங்கள். அடுத்துத் தறியகத்தில் ஈரம் உளதோவென நோக்குங்கள். குழித்தறியில் பாவு நிலத்தை அடுத்திருத்தலால் மண்ணின் ஈரம் இழைக்கு உதவுதல் நீங்கள் அறிந்ததே. இவ்விரண்டும் குறைவின்றி இருந்தாலன்றி, தொழில் பயிலும் நம் இளைஞரின் கையைக் குறைகூறுதல் முறையன்று. காரணமறியாது பெற்ற பழி, கற்கும் ஊக்கத்தையே அறுத்துவிடும். அறுந்த நூலைப் பிணைத்தல் எளிது. அறுந்த ஊக்கத்தைப் பிணைத்தல் அரிது.