'கள்ள' என்னும் அடைமொழி: களவியல் முதல் கள்ளத்தோணி வரை

ஷேக்ஸ்பியர் தமது 77ஆம் சொனெற்றில் காலத்தின் நகர்வுக்கு 'தீவிஷ்' என்ற அடையைத் தருகிறார். களவெடுக்கும் குணமுடைய என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அவ்விடத்தில் ஓசையின்றி நழுவுதலையே அது உணர்த்துகிறது. கள்வனைக் குறித்த இலத்தீன் அடியிற் பிறந்த 'பெர்ட்டிவ்' என்ற சொல்லும் இன்று பெரும்பாலும் ஒளிவுமறைவான என்ற பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் களவு இவ்வாறு மறைவாக இளகிற்று. தமிழில் 'கள்ள' என்னும் அடையோ நாளடைவில் கடுமை ஏறிக்கொண்டே வந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பொருள் காணாமற் போனால் 'களவெடுத்துப் போட்டாங்கள்' என்பார்கள். திருட்டு என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் பெரும்பாலும் எழுத்துவழக்கு. கள் என்னும் வேர்தான் இங்கே வாயில் வாழ்கிறது.

அவ்வேரின் பழைய ஆட்சிகளில் பழி எப்போதும் ஒட்டியிருக்கவில்லை. தொல்காப்பியக் களவியல் பேசுவது காதலரின் மறைவான சந்திப்பை. இறையனார் அகப்பொருளுக்கும் களவியல் என்றே மறுபெயர். திருஞானசம்பந்தர் தம் முதற் பதிகத்திலேயே சிவனைக் கள்வன் என்கிறார்; அங்கே களவுபோனது அடியவரின் உள்ளம். குறளின் 29ஆம் அதிகாரமான கள்ளாமை மறுபுறம் நிற்கிறது. பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள நினைப்பதையே அது குற்றமாக்குகிறது. கை நீளுமுன் மனம் சாயும் அந்த நிலைதான் 'தீவிஷ்' என்பதற்கு மிக அண்மையானது.

உறவு மொழிகளில் வேறொரு கிளை தெரிகிறது. கன்னடத்தில் 'கள்ள' என்றால் திருடன்; தெலுங்கில் 'கல்ல' என்றால் பொய். மலையாளத்தில் கள்ளன் திருடன், கள்ளம் பொய். தமிழ் விவிலியத்தின் கள்ளத்தராசும் கள்ளத்தீர்க்கதரிசியும் பொய் என்ற இந்தக் கிளையைச் சேர்ந்தவை. கள்ளக்காசு, கள்ளக் கையெழுத்து, கள்ளவாக்கு ஆகியனவும் அவ்வாறே.

கள்ளச்சாராயம் இவற்றோடு சேராது. அது பொய்ச் சாராயம் அன்று, களவெடுத்ததும் அன்று. அரசின் அனுமதியில்லாதது, அவ்வளவே. அனுமதிப்பத்திரமும் வரியும் சுங்கமும் கொண்ட அரசு இல்லாமல் இப்பொருள் பிறந்திருக்க முடியாது என்பது என் துணிபு. பாக்கு நீரிணையில் கடவுச்சீட்டும் சுங்கச் சட்டமும் இறுகியபோது வல்வெட்டித்துறைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே நெடுங்காலம் நடந்த போக்குவரத்தும் இந்த அடைக்குள் விழுந்தது. கள்ளக்கடத்தல், கள்ளத்தோணி என்னும் சொற்கள் அப்படி வேரூன்றின.

பிறகு நடந்ததுதான் கொடுமை. தோணிக்கு இட்ட பெயர் மனிதர்மேல் ஏறியது. இலங்கையின் மலையகத் தமிழருக்கே அது நேர்ந்தது. அவர்களின் முன்னோர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கென ஆள்சேர்த்து அழைத்துவரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை முடிவாகவில்லை. அந்தக் காலத்தில் அம்மக்களையே சுட்டும் வசைச்சொல்லாகக் கள்ளத்தோணி புழங்கியது. சிங்களமும் அதைத் தமிழிலிருந்தே கடன் வாங்கிக்கொண்டது. சிங்களவர் சொன்னதாக மட்டும் இதை எழுதி நாம் தப்பிக்க முடியாது. வடக்கின் தமிழ் வாய்களும் அதைச் சொல்லின.

ஓர் அடைமொழி செயலை விட்டு, பொருளை விட்டு, ஆளையே குற்றமாக்கிய வரலாறு இது. 1842இல் மானிப்பாய் அகராதியை அச்சேற்றிய மண் யாழ்ப்பாணம். திருநெல்வேலியிலேயே பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஈழத் தமிழுக்கு ஒரு வரலாற்று அகராதி தொகுக்க முன்வருவோர் கள்ளத்தோணி என்ற பதிவை விட்டுவிட வேண்டாம். இழிவழக்கு என்ற குறிப்போடும், யார்மேல் எப்போது ஏவப்பட்டது என்ற விளக்கத்தோடும் அதை முழுமையாகப் பதியுங்கள்.